மணலுக்கு ஒரு சொல்

தமிழ்நாட்டில் ஒரு பாலைவனம் இருக்கிறது என்று பெங்களூரில் சொன்னால், கேட்பவர் முதலில் சிரிப்பார், பிறகு கைப்பேசியில் தேடுவார், செக்கச்செவேலென்ற மணல்மேடுகளின் படங்களைக் கண்டதும், "இது ராஜஸ்தான் இல்லையா?" என்பார். பிரேசர் டவுனில் மகன் வீட்டில் ஆண்டின் பாதியைக் கழிக்கும் ஆச்சி ஒருவருக்கு இந்த உரையாடல் பழகிப்போய்விட்டது. காயாமொழிக்கு அருகில், தேரிக்காட்டின் ஓரத்தில் பிறந்து, அங்கேயே மணமாகி, எழுபது வயதுவரை செம்மணலை மிதித்தவர் அவர். அடுக்கக வாயிலில் யாரேனும் ஊர் எதுவென்று கேட்டால், "திருச்செந்தூர் பக்கம்" என்று முடித்துக்கொள்வார். முருகனைத் தெரியாதவர் இல்லை. தேரியை விளக்குவதற்கோ அரைநாள் வேண்டும்.

அந்த அரைநாள் விளக்கத்தின் சுருக்கம் இது. தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியிலும், அதைத் தொடர்ந்து திருநெல்வேலி மாவட்டத்தின் கடலோரத்திலும், கரைக்குச் சில கிலோமீட்டர் உட்புறமாகச் செம்மணல் மேடுகள் பரந்து கிடக்கின்றன. அவற்றுக்குத் தேரி என்று பெயர். குதிரைமொழித் தேரி, சாத்தான்குளத்துத் தேரி, இடையன்குடித் தேரி என்று அருகிலுள்ள ஊரின் பெயரை ஒட்டி அவை அழைக்கப்படுகின்றன. மலைத்தொடர் தெற்கே தாழ்ந்து வழிவிடும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்துவரும் தென்மேற்குப் பருவக்காற்று, தன் மழையை மலைக்கு அப்பாலேயே உதிர்த்துவிட்டு வெறுங்கையோடு வந்து, பல்லாயிரம் ஆண்டுகளாக இங்கே மணலை வாரிக் குவித்திருக்கிறது. மணற்பொடிகளின்மேல் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடு அவற்றுக்குச் செந்நிறம் தருகிறது. இம்மேடுகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றிச் சாய்னரும் ஆல்ச்சினும் 1956-இல் எழுதிய கட்டுரை, 'தேரி' என்னும் சொல்லைத் தொல்லியலாளர்களின் ஆங்கிலத்துக்குள் நிலைநிறுத்தியது. தூத்துக்குடி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேட வேண்டிய பேராசிரியர்களுக்கும் ஆச்சி வீட்டுப் புறவாசல் மேட்டின் பெயர் தெரியும் என்பது ஒரு வேடிக்கை.

கறாராகப் பார்த்தால் இது பாலைவனமே அன்று. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெறும் நிலமே பாலைவனம் என்ற பொது வரையறையில் தேரி தேர்ச்சி பெறாது. ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்தே அந்த அளவைக் கடக்கச் செய்துவிடும். பெய்த மழையை மணல் ஒரே மூச்சில் குடித்துவிடுகிறது, அவ்வளவுதான். குடித்ததை முழுவதும் விழுங்குவதும் இல்லை. தாழ்ந்த இடங்களில் சிறிது தோண்டினால் நன்னீர் ஊறும். தேரிக்கு நடுவே சுனையொன்றைக் காத்துக்கொண்டு அருஞ்சுனை காத்த அய்யனார் அமர்ந்திருக்கிறார். வடநாட்டுப் பாலைவனங்களில் கானல்நீர் மக்களை ஏமாற்றும் என்று படிக்கிறோம். தேரியோ இருக்கும் நீரை ஒளித்துவைத்து ஏமாற்றுகிறது.

பழந்தமிழ்ப் பொருளிலக்கணத்துக்கும் தேரி அடங்குவதில்லை. பாலைக்கென்று தனிநிலம் கிடையாது என்பதும், முல்லையும் குறிஞ்சியும் வறண்டு தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. தேரிக்கு அருகில் முல்லையும் இல்லை, குறிஞ்சியும் இல்லை. கிழக்கே நடந்தால் நேராக நெய்தல். மணப்பாட்டு மீனும் தேரிக் கருப்பட்டியும் ஒரே சந்தையில் விற்கின்றன. பிரிவுக்குரிய பாலையும் இரங்கலுக்குரிய நெய்தலும் இப்படி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் நிலத்தில், மக்கள் ஓயாமல் அழுதுகொண்டிருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. சாவு வீட்டுத் திண்ணையிலும் நகைச்சுவை குறையாத ஊர்கள் அவை.

நகைச்சுவைக்குப் பெரும்பாலும் மணலே காரணம். ஆடிக்காற்றில் ஒருத்தி முன்வாசலில் மணலைக் கூட்டித் தள்ளும்போதே பின்வாசல் வழியாக அடுத்த கூடை மணல் வந்து சேர்ந்துவிடும். ஆகவே ஆடி மாதத்தில் வீடு கூட்டுவது சுத்தத்துக்காக அன்று, "நாங்களும் இந்த வீட்டில் இருக்கிறோம் என்று மணலுக்குத் தெரிவிப்பதற்காக" என்பது ஆச்சியின் கொள்கை. சோற்றில் மண் கடிபடாவிட்டால் அவருக்கு வெளியூர்க் கல்யாணத்துக்கு வந்ததுபோல் இருக்குமாம். பிரேசர் டவுன் சமையலறையில் முதல் மாதம் அவருக்கு எதைச் சாப்பிட்டாலும் ஏதோ குறைந்தது. உப்பு என்று மருமகள் நினைத்துக் கூடுதலாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நடப்பதற்கும் அங்கே தனிப் பயிற்சி வேண்டும். செருப்பைப் போட்டால் மணல் நிறைந்து கனக்கும். கழற்றினால் நண்பகலில் பாதம் பொரியும். இரண்டுக்கும் நடுவே ஒரு தீர்வாகப் பனைகள் நிற்கின்றன. ஒரு பனையின் நிழலிலிருந்து மறுபனையின் நிழலுக்கு ஓடி, நின்று, பாதத்தை ஆற்றி, மீண்டும் ஓட வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் பனைகளை எண்ணித்தான் தூரத்தைச் சொல்வார்கள். பனைநிழலோ வேம்பு நிழலைப் போல விரிந்தது அன்று. ஒரு பாய் அகலம்தான். அதில் படுத்து உறங்குகிறவர், நிழல் நகர நகரத் தூக்கத்திலேயே உருண்டு செல்வார். மதியம் மேற்கே தலைவைத்துப் படுத்தவர் மாலையில் எங்கே எழுகிறார் என்பதைக் கொண்டு மணி சொல்லிவிடலாம்.

வெளியூர்க் கார்கள் தேரி மக்களுக்குக் கிடைத்த இலவசக் கலைநிகழ்ச்சி. குலதெய்வக் கோயிலுக்கு வரும் புதுப்பணக்கார உறவினர், தார்ச்சாலை முடிந்த இடத்தில் நிறுத்தாமல் துணிந்து மணலில் ஏற்றுவார். சக்கரம் சுழலும், வண்டி இறங்கும். சிறுவர்கள் கூட்டமாக வந்து முதலில் நன்றாக வேடிக்கை பார்ப்பார்கள். பிறகு, இதற்கெனவே காத்திருந்ததுபோல, காய்ந்த மட்டைகளையும் ஓலைகளையும் இழுத்துவந்து சக்கரத்துக்கு அடியில் கொடுத்துத் தள்ளிவிடுவார்கள். அதே மட்டையில் அமர்ந்து அவர்களே மேட்டிலிருந்து சறுக்கி விளையாடுவதும் உண்டு. கார்காரர் கொடுக்கும் பத்து ரூபாயைவிட, "மாமா, அடுத்த வருசமும் வண்டியக் கொண்டு வாங்க" என்று வழியனுப்புவதில்தான் அவர்களுக்கு மகிழ்ச்சி.

இத்தகைய மண்ணில் வாழ்கிறவர்களிடம் மணலைக் குறிக்க எத்தனை சொற்கள் இருக்க வேண்டும்? மொழியியல் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி ஒரு பழைய வதந்தியை நினைவூட்டும். எஸ்கிமோக்களிடம் பனிக்கு ஐம்பது சொற்கள், நூறு சொற்கள், நானூறு சொற்கள் என்று எண்ணிக்கை ஆண்டுதோறும் பெருகிக்கொண்டே வந்தது. 1911-இல் பிரான்ஸ் போவாஸ் எடுத்துக்காட்டாகத் தந்தவை நான்கு வேர்ச்சொற்கள் மட்டுமே என்பதை லாரா மார்ட்டின் 1986-இல் எடுத்துக்காட்டினார். ஜெஃப்ரி புல்லம் அதை வைத்து ஒரு நையாண்டிக் கட்டுரையே எழுதினார். ஆனாலும் வதந்தி சாகவில்லை. ஒரு நிலத்தில் எது மிகுதியோ அதற்குச் சொல்லும் மிகுதி என்று நம்புவதில் மனிதர்களுக்கு ஏதோ இன்பம் இருக்கிறது.

தேரி அந்த இன்பத்தையும் கெடுத்துவிடுகிறது. மணலுக்கு ஆச்சியிடம் உள்ளவை மண், மணல், தேரி என்னும் மூன்றே. அவற்றிலும் பேச்சில் புழங்குவது பெரும்பாலும் ஒன்றுதான். வீட்டுக்குள் வந்தால் மண், காட்டில் கிடந்தால் தேரி. "இத்தன மண்ணுக்கு மத்தியில இருந்தியளே, வேற பேரே கிடையாதா?" என்று கேட்டால், "எங்க பாத்தாலும் கெடக்குததுக்கு எதுக்கு மக்கா பேரு?" என்று மறுகேள்வி வரும். பெயர் என்பது ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்து எடுப்பதற்கு. யாரும் எடுக்காத, விற்காத, பங்கு பிரிக்காத ஒன்றுக்கு ஒரு சொல் போதும்.

அவருடைய சொற்களஞ்சியம் முழுவதும் இன்னோரிடத்தில் குவிந்திருக்கிறது. அவ்விடம் பனை.

இலையைக் கேட்டால் குருத்தோலை, சாரோலை, பச்சோலை, காவோலை என்று வயது சொல்வார். காயைக் கேட்டால் குரும்பையில் தொடங்கி, நுங்கு, முற்றிய கடுக்காய், பழம் என்று இறங்கி, பழத்தின் கொட்டையை மண்ணில் புதைத்தபின் உள்ளே திரளும் தவுண், அதற்கும் பின் கிழங்கு என்று நிலத்துக்கு அடியிலும் பட்டியல் தொடரும். மட்டையின் அடியில் மரத்தைச் சுற்றியிருக்கும் வலைபோன்ற நாருக்குச் சில்லாட்டை என்றும் பன்னாடை என்றும் பெயர். பதநீர் வடிகட்ட அது பயன்பட்டது. நல்லதையெல்லாம் கீழே விட்டுவிட்டுத் தூசியையும் எறும்பையும் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும் இக்குணத்தால்தான் அது வசையாயிற்று. கடைமாணாக்கனுக்கு நன்னூல் கூறும் உவமைகளுள் ஒன்றான நெய்யரி என்பதற்குப் பன்னாடை என்றே உரைகாரர்கள் பொருள் கொள்வர். அந்த இலக்கணச் செய்தி ஆச்சிக்குத் தெரியாது. ஆனால் ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் பேரன், பாடத்தை விட்டுவிட்டு விளம்பரப் பாட்டுகளை மட்டும் மனப்பாடம் செய்யும்போது, அவர் நன்னூலாருக்குச் சற்றும் குறையாத துல்லியத்தோடு அச்சொல்லைப் பயன்படுத்துகிறார்.

தொழிற்சொற்கள் தனி. கால்களைப் பிணைக்கும் தளைநார், சாய்த்து ஏறத் துணைசெய்யும் முருக்குத்தடி, இடுப்பில் தொங்கும் அரிவாள்பெட்டி, அதற்குள் பாளையரிவாள், பாளையை இறுக்கிப் பதப்படுத்தும் கடிப்பு, சொட்டுவதை ஏந்தும் கலயம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். ஒரு விரல் சுண்ணாம்புதான் குழந்தைக்கான பானத்தையும் காவல்நிலையத்துக்கான பானத்தையும் பிரிக்கிறது. பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள் என்ற பழமொழியைத் தேரியில் யாரும் உவமையாகச் சொல்வதில்லை, அனுபவமாகச் சொல்வார்கள். இறக்கிய பதநீர், பேச்சில் பதனி, கன்னியாகுமரிப் பக்கம் போனால் அக்கானி. அதைக் காய்ச்சும் ஓலைக்குடிசைக்கு விடிலி என்று பெயர். பதனி கொதித்துக் கூழ்ப்பதம் அடைந்தால் கூப்பனி. மேலும் இறுகினால் கருப்பட்டி. சுக்கு இட்டு வார்த்தால் சில்லுக்கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை மகன் படித்துக் காட்டியபோது, "நம்மூரு கருப்பட்டி நம்மூருதுதான்னு சொல்லுததுக்கு ஒரு காயிதமா?" என்று ஆச்சி வியந்தார். மறுநாள் மசூதிச் சாலைக் கடையொன்றில் சர்க்கரைப்பாகு கலந்த போலிக் கருப்பட்டியை முகர்ந்து பார்த்தபின், காகிதம் நல்லதுதான் என்று ஒப்புக்கொண்டார்.

பனை மரமே அன்று, புல் என்பது தொல்காப்பிய மரபு. புறத்தே வயிரம் உடையவை புல், அகத்தே வயிரம் உடையவை மரம் என அந்நூலின் மரபியல் பகுக்கும். தாவரவியலும் பனையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களிலேயே வைக்கிறது. இதைக் கேட்ட ஆச்சி ஒரு கணம் அமைதியாக இருந்தார். "அப்ப அவுக நாப்பது வருசமா புல்லுல ஏறித்தான் இறங்கினாவளா?" என்றார். அவுக என்றது கணவரை. நெல்லைப் பேச்சில் 'வந்தாவ, போனாவ' என்ற ஆவகாரம் மரியாதைக்குரியது. அவர் மறைந்து ஆண்டுகள் பலவாகியும் வினைமுற்றில் அந்த மரியாதை குறையவில்லை.

அக்கணவர் நாளுக்கு இருமுறை, காலையும் மாலையும், தம் பங்குப் பனைகள் அத்தனையிலும் ஏறியவர். மாசி தொடங்கி ஆடி முடிய ஒருநாள் தவறக்கூடாது. ஒருநாள் சீவாவிட்டால் பாளை காய்ந்து அடைத்துக்கொள்ளும். நெஞ்சிலும் முழங்கால் உட்புறத்திலும் பாதத்திலும் மரம் உராய்ந்து காய்த்த தழும்புகள் அவருக்கு இருந்தன. பனைகளுக்கு வீட்டாரே பெயர் வைத்திருந்தார்கள். வளைந்து நின்றது கோணப்பனை. வரப்பில் நின்று இரண்டு குடும்பங்களை வழக்காட வைத்தது சண்டைப்பனை. எத்தனை சீவினாலும் சொட்டாமல் நின்றது ஊமையன். இடி விழுந்தும் பிழைத்த ஒன்றுக்கு மட்டும் பெயர் வைக்காமல், 'அந்தப் பனை' என்றே மரியாதையோடு சொன்னார்கள். மூன்று சொல்லில் மணலை முடித்துக்கொண்ட வீடு, பனைக்கு ஆள்வாரியாகப் பெயர் வைத்திருக்கிறது. மணலின்மேல் வாழ்ந்தார்கள், பனையால் வாழ்ந்தார்கள். சொற்கள் வேற்றுமை உருபைப் பார்த்துத்தான் பெருகுகின்றன போலும்.

மொழியியல் படிக்கிறவர்களுக்குத் தேரியோடு இன்னோர் உறவும் உண்டு. திராவிட மொழிகளை ஒப்பிட்டு இலக்கணம் எழுதிய கால்டுவெல், 1841-இல் இடையன்குடிக்கு வந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்கே வாழ்ந்தவர். 1856-இல் லண்டனில் வெளிவந்த அந்நூலுக்கான உழைப்பில் தேரிமணலும் கலந்திருக்கும். ஆடி மாதத்தில் கையெழுத்துப் படியை அவர் எப்படிக் காத்தார் என்பதை யாரும் ஆராயவில்லை. அதற்கு முன்பே, 1849-இல், பனையேறிச் சமூகத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் அம்மக்களைப் பெரிதும் புண்படுத்தியது. ஒரு குடும்பத்து மொழிகளின் உறவை அவ்வளவு நுட்பமாகக் கண்டவருக்கு, அடுத்த தெருவில் இருந்தவர்களைக் காண்பதில் தடுமாற்றம் இருந்திருக்கிறது. 1880-இல் நிறைவெய்திய இடையன்குடிக் கோயிலிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

பாதிரியார்கள் ஊர்ப்பெயர்களிலும் கைவைத்தார்கள். கிறித்தவர்களுக்கென 1799-இல் உருவான முதல் குடியிருப்புக்கு முதலூர் என்றே பெயர். அதைவிட எளிமையாக ஒரு பெயரை வைக்க முடியாது. நாசரேத் என்று ஓர் ஊர், மெய்ஞ்ஞானபுரம் என்று ஓர் ஊர். முதலூரின் புகழ் இன்று மஸ்கோத் அல்வாவில் தங்கியிருக்கிறது. தேங்காய்ப்பால் சேர்த்துக் கிண்டும் அதன் பெயர் மஸ்கட்டிலிருந்து வந்தது என்பர். விவிலிய ஊர்ப்பெயரும் அரபுப் பாலைநிலத்து இனிப்பின் பெயரும் தேரிக்கு எப்படியோ வழி கண்டுபிடித்து வந்துவிட்டன. இவற்றோடு காயாமொழி, குதிரைமொழி என்று மொழியில் முடியும் ஊர்கள் வேறு. இத்தனை இருந்தும் மொழியியல் மாணவர்கள் களப்பணிக்கு நீலகிரிக்கே ஓடுகிறார்கள். குளிர் காரணமாக இருக்கலாம்.

ஆச்சி இப்போது வாழும் இடத்தின் பெயர்க்கதை இதற்கு நேர்மாறானது. பெங்களூர் கண்டோன்மென்ட்டைப் பிளேக் உலுக்கிய பின், நெரிசல் குறைய விரிவாக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று பிரேசர் டவுன். மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு இடப்பட்டது. பிற்காலத்தில் சாளுக்கிய மன்னன் பெயரால் புலிகேசி நகர் என மாற்றினார்கள். தபால்காரரும் அரசு ஆவணங்களும் புலிகேசியை மதிக்கிறார்கள். ஆட்டோக்காரர்கள் பிரேசரை விடவில்லை. ஆச்சி இரண்டையும் ஏற்காமல் 'பிரேசட்டவுன்' என்கிறார். அண்டை வீடுகளில் தக்னி, கன்னடம், ஆங்கிலம், வடார்க்காட்டுத் தமிழ் எல்லாம் ஒலிக்கின்றன. காய்கறி வண்டிக்காரரிடம் ஆச்சி நெல்லைத் தமிழிலேயே பேரம் பேசுகிறார். அவர் தக்னியில் மறுக்கிறார். விலை எப்படியோ ஒத்துப்போகிறது. நோன்பு மாதத்தில் மசூதிச் சாலை இரவெல்லாம் விழித்திருப்பதைப் பார்த்து, "நம்ம ஊர்க் கொடை மாதிரி இருக்கு" என்று நிறைவடைந்தார். குலசைப் பக்கத்து நோன்புக்கஞ்சியை அறிந்த நாவுக்கு அந்த மாதம் அந்நியமானது அன்று.

பெங்களூரில் அவரை உண்மையிலேயே திகைக்க வைத்தது ஒன்றுதான். எதிர்மனையில் கட்டடவேலைக்கு லாரியில் சாம்பல் நிற மணல் வந்து இறங்கியது. அது ஆற்றுமணல் அன்று, பாறையை உடைத்து ஆலையில் செய்த எம்சாண்ட் என்று மகன் விளக்கினான். ஆச்சி நெடுநேரம் பேசவில்லை. "மண்ணையா செய்யுதாவ?" என்று பிறகு கேட்டார். "அதுக்குத் துட்டும் குடுக்காவளா?" வாழ்நாள் முழுவதும் வாசலுக்கு வெளியே தள்ளிய பொருளுக்கு இங்கே லோடு கணக்கில் விலை இருக்கிறது என்பதை அவரால் இன்றுவரை செரிக்க இயலவில்லை.

மகன் மரமேறக் கற்கவில்லை. தந்தை கற்றுத்தரவில்லை என்பதே சரி. ஒருநாள் விளையாட்டாகத் தளைநாரைக் காலில் மாட்டிய பத்து வயதுச் சிறுவனை, அதுவரை கைநீட்டி அறியாத அம்மனிதர் அறைந்தார். தேரியோரத்து வீடுகள் பலவற்றில் இதே அறை விழுந்திருக்கிறது. ஏறுகிறவருக்குப் பெண் தரத் தயங்கும் காலம் வந்தது. விழுந்தவர்களின் கதைகள் எல்லாத் தெருவிலும் இருந்தன. அறை வாங்கிய பிள்ளைகள் சென்னைக்கும் மும்பைக்கும் பெங்களூருக்கும் மளிகைக் கடைகளில் பொட்டலம் மடிக்கப் போனார்கள். பின்னர் தாங்களே கடை வைத்து அண்ணாச்சி ஆனார்கள். ஆச்சியின் மகனும் அவ்வழியில் வந்தவரே. அவருக்கு நுங்கும் கிழங்கும் தெரியும்; கடிப்பு என்றால் என்னவென்று யோசிக்க வேண்டும். பேரனுக்குப் பனை என்றால் ஒன்றே ஒன்றுதான்: கைப்பேசியில் விடுமுறைக்கு அடையாளமாக வரும் சின்னஞ்சிறு மரம். அதுவும் பனை அன்று, ஏதோ ஒரு கடற்கரைத் தென்னை. பாட்டியிடம் நூறு சொல்லாக இருந்தது, மகனிடம் பத்தாகி, பேரனிடம் ஒன்றாக நிற்கிறது. மணலின் கணக்கு மட்டும் மாறவில்லை. மூன்று தலைமுறைக்கும் அது மண்தான்.

ஆண்டுக்கொருமுறை எல்லாரும் திரும்பிப் போகிறார்கள். பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயில்களைத் தேடி வெளியூர்களிலிருந்து குடும்பங்கள் தேரிக்குள் வந்து குவியும்போது, ஆண்டு முழுவதும் ஆடும் மாடும் திரிந்த மணலில் பெங்களூர், மும்பை எண்பலகை வண்டிகள் வரிசையாகப் புதைந்து நிற்கும். கார்த்திகை இறுதியில் தேரிக்குடியிருப்பின் கற்குவேல் அய்யனார் கோயிலில் கள்ளர்வெட்டு. இளநீரைக் கள்ளனாகப் பாவித்துத் தேரியில் வைத்து வெட்டுவார்கள். இளநீர் தெறித்த செம்மணலை அள்ளக் கூட்டம் முண்டியடிக்கும். அம்மண்ணை வீட்டிலும் கடையிலும் வைத்தால் வளம் சேரும் என்பது நம்பிக்கை. பிரேசர் டவுன் வீட்டின் பூசையலமாரியிலும் ஒரு சிறு பொட்டலம் இருக்கிறது. ஒருமுறை பொட்டலம் பிரிந்து தரையில் சிந்தியபோது, வேலைக்கு வரும் பெண் துடைப்பத்தை எடுக்க ஓடினாள். ஆச்சி அவளைத் தடுத்து, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி, கடைசிப் பொடிவரை எடுத்து மடித்துவைத்தார். மணலைக் கூட்டி வெளியே தள்ளாமல் உள்ளே சேர்த்தது அவர் வாழ்வில் அதுவே முதன்முறை என்று மருமகள் உறவினருக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

தேரியோரத்துக்கு இப்போது பெங்களூரிலிருந்து வேறொரு விருந்தாளி வந்துகொண்டிருக்கிறார். 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். இரண்டாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் அமையும் அத்தளத்திலிருந்து சிறிய செயற்கைக்கோள்களுக்கான ராக்கெட்டுகள் பறக்கும். திட்டத்தை நடத்தும் இஸ்ரோவின் தலைமையகம் ஆச்சி வாழும் இதே நகரத்தில்தான் இருக்கிறது. தசராவுக்கு ஊரே காளியாகவும் குறவனாகவும் காவலராகவும் வேடமிட்டுத் திரியும் குலசையில், அடுத்து விண்வெளி வீரர் வேடம் வராமல் போகாது.

பேரன் இதில் தேர்ந்தவன். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவினால் இலங்கையின்மேல் பறக்காதபடி ராக்கெட் வளைந்து செல்ல வேண்டும் என்றும், அதனால் எரிபொருள் வீணாகும் என்றும், குலசையிலிருந்து நேரே தெற்கு நோக்கி விட்டுவிடலாம் என்றும் ஆச்சிக்கு வரைபடம் போட்டு விளக்கினான். அவர் முழுவதும் கேட்டார்.

"ஆமா, தெக்க வெறுங்கடல்தான் கெடக்கு. மணப்பாட்டுல வல வீசுத ஒருத்தங்கிட்ட கேட்டிருந்தா, ஒரு பட்ட பதனிக்குச் சொல்லியிருப்பானே."

பேரன் விடவில்லை. வானிலிருந்து எடுத்த படத்தைக் கைப்பேசியில் திறந்து, ஏவுதளம் வரும் பக்கத்தையும், அங்கிருந்து வடக்கே தள்ளி ஆச்சியின் ஊரையும் பெரிதாக்கிக் காட்டினான். சிவந்த பரப்பில் கரும்புள்ளிகளாகப் பனைகள். ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு பாய் அகலத்துக்கு நிழல். ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை மூக்கருகே கொண்டுபோனார். விரலால் தொட்டபோதெல்லாம் படம் நகர்ந்துவிட்டதால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எண்ணினார். இருபதைத் தாண்டியதும் நிறுத்தி, "இதெல்லாம் பாள சீவுத பனையா, சும்மா நிக்குத பனையாலே?" என்றார்.

பேரன் இன்னும் பெரிதாக்கினான். புள்ளிகள் கலங்கி, கட்டங்கட்டமாகச் சிதறின.